உள்ளே போனதும் கதவைச் சாத்தவும்

ஒரு பூட்டின் இரகசிய இலக்கத்தை அந்தப் பூட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால், நடுவழியில் நீங்களாகவே கண்டுபிடித்துவிட்டு, என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்தச் சந்தோஷத்தை உங்களுக்குத் தர நான் தயாரில்லை.

என் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். நான் அதைப் பிரெஞ்சில் எழுதவில்லை. இலக்கமாகவும் போடவில்லை. தமிழில், எழுத்தால் எழுதினேன். பாரிஸ் நகரத்தில் தமிழைவிடப் பத்திரமான பெட்டகம் வேறு உண்டா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எழுதிய இடமோ லா சப்பல் மெத்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. அந்தத் தெருவால் மரக்கறிப் பையோடு போகிறவர்களில் தமிழ் வாசிக்கத் தெரியாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இது என் மண்டையில் உறைக்க நான்கு மாதம் எடுத்தது.

ரயில் தண்டவாளத்து மதிலோரம், பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுத்திருக்கும் பொதுத் தோட்டம் அது. ஒரு சிறு சங்கம் அதை நடத்துகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பாத்தி. பாத்தியில் ஒரு இரட்டைக் கட்டிலைப் போட்டால் சுற்றி நடக்க இடமிராது. அந்தக் கட்டிலளவு மண்ணுக்காக என் மனைவி நான்கு வருடம் காத்திருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய பெரிய சட்டிகளைத் தூக்கித் தூக்கித் தோள் விட்டுப்போய், அரைநாள் வேலைக்கு மாறியவள். மற்ற அரைநாளை அவள் வீட்டில் கழித்த மாதங்களை நினைக்க எனக்கு இப்போதும் விருப்பமில்லை. கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு எதிர்க் கட்டடத்தின் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பகிடி விட்டால் சிரிக்க மாட்டாள். அது வழமைதான். ஆனால் திட்டவும் மாட்டாள். அதுதான் எனக்குப் பயம். பாத்தி கிடைத்த கிழமையே திட்டு திரும்பி வந்தது. நான் மனதுக்குள் தேங்காய் உடைத்தேன்.

தோட்டத்துத் தலைவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சுக்காரர். மிக நல்ல மனிதர். தோட்டத்துக்கு வந்த கேடெல்லாம் அதனால்தான். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்ல மாட்டார். ஊர் மாறிப் போனவர்களின் பாத்திகள் ஐந்து புல் மண்டிக் கிடந்தன. கேட்டால், கடிதம் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்பார். கடிதம் போன விலாசம் அவர்கள் விட்டுப் போன விலாசம். தண்ணீர்க் குழாய் ஒழுகியது. கீழே ஒரு வாளி வைத்தார். வாளி நிறைந்து வழிந்ததும், இன்னொரு வாளி வைத்தார். எல்லாவற்றிலும் பெரிய காடு அவருடைய சொந்தப் பாத்திதான். இடுப்பளவு காஞ்சோண்டி, தொட்டால் சொறியும் செடி. அதற்குள்ளே எங்கோ ஒரு பூசணி படர்ந்திருந்தது. வருடாவருடம் சங்கம் வைக்கும் சூப்பு விருந்துக்கென்று அவர் அதை நட்டிருந்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்டவர் ஒரேயொரு நாள் நிர்வாகம் செய்தார். கதவுக்கு நான்கு இலக்கப் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டார். வந்தது வினை.

என் ஞாபகசக்தி எனக்குத் திருமணமான நாள்வரை நன்றாக இருந்தது. பூட்டின் இலக்கம் மட்டும் கதவடிக்கு வந்ததும் பறந்துவிடும். மூன்று முறை தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன், மூன்றும் மத்தியானச் சாப்பாட்டு நேரம். மூன்றாவது முறை அவர், "ஐயா, நான் இப்போது சாப்பாட்டில் பாலாடைக்கட்டிவரை வந்திருக்கிறேன்" என்று மிக மரியாதையாகச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது கொலைமிரட்டலுக்குச் சமம்.

மறுநாள் தடித்த கறுப்புப் பேனாவோடு போனேன். கதவுத் தூண் முழுக்க ஏற்கெனவே ஊர்ப் பொடியளின் கிறுக்கல். அதற்கு நடுவில் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'கதவு இலக்கம்: ஏழு, நாலு, நாலு, ஒன்று. உள்ளே போனதும் கதவைச் சாத்தவும்.' பூட்டு மாறிவிட்டபடியால் இப்போது பயமில்லாமல் சொல்கிறேன். இரண்டாவது வரி எனக்கு நானே இட்ட கட்டளை. கதவை ஆவென்று திறந்து விட்டுவிட்டு வருகிறேன் என்பது என் மீது மனைவிக்கு இருக்கும் குற்றப்பத்திரிகையில் ஒன்று.

மனைவி அதைக் காணவில்லையா என்று கேட்பீர்கள். அவள் பள்ளிக்கூடப் பக்கமிருந்து வருபவள். நான் எழுதியது தூணின் மெத்ரோப் பக்கம். ஞாயிறுகளில் சேர்ந்து வரும்போது நான் அந்தப் பக்கமாக நடப்பேன். ஒரு தூணை மறைக்கும் அளவுக்கு என் வயிறு வளர்ந்திருந்ததில் முதன்முறையாக ஒரு பிரயோசனம் கண்டேன்.

கோடையில் களவு தொடங்கியது. முதலில் பீற்றூட். ஒரு பிரெஞ்சு அம்மாவின் பாத்தியில் இலை முழுவதும் போய், கிழங்குகள் மட்டும் மொட்டைத் தலைகளாக மண்ணில் இருந்தன. பிறகு முள்ளங்கி, அதுவும் அப்படியே: கிழங்கு இருக்க, இலை இல்லை. கடைசியில் தலைவரின் பூசணி, கொழுந்தும் காயுமாகப் போய்விட்டது. முயல் என்றார் ஒருவர். பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போகிற முயல் எது என்று இன்னொருவர் கேட்டார்.

மனைவி குனிந்து பீற்றூட் காம்பைப் பார்த்தாள்.

"இது கத்தியாலை வெட்டினது. கிழங்கை விட்டிட்டு இலையைக் கொண்டு போறது முயலே? வறை வறுக்கிற ஆக்கள். இது எங்கடை சனம்."

"எங்கடை சனமெண்டு இந்தத் தோட்டத்திலை இருக்கிறது நீரும் நானும்தானே?" என்றேன் பகிடியாக.

அதையே மற்றவர்களும் பகிடியில்லாமல் யோசிக்கத் தொடங்கினார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. தோட்டத்தில் ஒரு இலைகூடத் தொலையாத பாத்தி எங்களுடையது ஒன்றுதான். எங்கள் சிவப்புக் கீரை விரிந்த மயில்போல நின்றது. வழமையாக வணக்கம் சொல்கிறவர்கள் எங்களைக் கண்டதும் குனிந்து புல்லுப் பிடுங்கினார்கள். அந்தத் தோட்டத்தில் அவ்வளவு புல்லு ஒருநாளும் பிடுங்கப்பட்டதில்லை.

பிறகு தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. முதல் நான்கு வரி எங்கள் சுகத்தை விசாரித்தது. ஐந்தாவது வரி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வந்து விளக்கம் தரச் சொன்னது. ஆறாவது வரி, அதுவரை எங்கள் பாத்தி எங்களுக்குத்தான் என்று சொல்ல முடியாது என்றது. மனைவி அதை இரண்டு முறை வாசித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். என்னைத் திட்டவில்லை. கதிரையை யன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த நாள் கறிவேப்பிலை வாங்க, லா சப்பலில் ரூ காய் என்ற தெருவில் ஒரு கடைக்குப் போனேன். கடைக் கதவில் ஒரு மட்டையில் எழுதியிருந்தது: 'உள்ளே வந்ததும் கதவைச் சாத்தவும்.' உள்ளே குளிரூட்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் போனவர் வாசித்தார், சாத்தினார். அடுத்து வந்த அம்மாவும் வாசித்தார், சாத்தினார். நான் கதவடியில் கல்லாய் நின்றேன். தமிழில் எழுதினால் சனம் வாசிக்கும்! வாசித்தால் அதன்படி நடக்கும்! ஐம்பத்தெட்டு வயதில் எனக்குக் கிடைத்த ஞானம் அது. "அண்ணை, கதவைச் சாத்துங்கோ, குளிர் போகுது" என்று கடைக்காரர் உள்ளேயிருந்து கத்தினார்.

சனிக்கிழமை காலை, மனைவிக்குச் சொல்லாமல், கறை அழிக்கிற ஜவெல் ஒரு போத்தலும் பழைய சாரத் துண்டுமாகத் தூணடிக்குப் போனேன். துணியை நனைத்து, 'ஏழு' என்ற சொல்லை அழித்து, முதல் 'நாலு'வில் கை வைத்திருப்பேன், பின்னாலிருந்து ஒரு குரல்.

"அண்ணை, அண்ணை! அழிக்காதேங்கோ! எனக்கு இன்னும் பாடமாகேல்லை!"

திரும்பினேன். ஐம்பது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண். கையில் சில்லு வைத்த மரக்கறிப் பை.

"ஆர் நீங்கள்?" என்றேன்.

"நான் இஞ்சை வழமையா வாறனான். நீங்கள் புதுசோ?"

எனக்கு வாயில் வந்த பதில் எல்லாம் ஜவெல் வாசத்தோடு உள்ளே போய்விட்டது. "இதை ஆர் எழுதினதெண்டு தெரியுமோ?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆரோ புண்ணியவான். வடிவாத் தமிழிலை எழுதிக் கிடக்கு. எங்கடை சனத்துக்கெண்டு விட்டிருக்கினம் எண்டு நினைச்சன்."

"அதுக்காக உள்ளுக்கை போய் வெட்டுறதே, தங்கச்சி?"

"இலையைத்தானே அண்ணை வெட்டினனான். கிழங்கிலை கை வைச்சனானே? இந்தச் சனம் நல்ல நல்ல இலையெல்லாம் முறிச்சுக் குப்பைப் பெட்டிக்கை எறியிறதை இந்தக் கண்ணாலை கண்டனான். வயிறெரிஞ்சு போச்சு."

"அப்ப பூசணிக்காய்?"

"அது அந்தக் காட்டுக்கை கிடந்தது. அதுக்கு ஆக்கள் இல்லையெல்லோ?"

"அது இந்தத் தோட்டத்துத் தலைவற்றை பாத்தி."

அவள் வாயைப் பொத்தினாள். "ஐயோ, அந்தாள் உயிரோடை இருக்கிறாரோ?"

கடைசியாக, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அந்தச் சிவத்தக் கீரைப் பாத்தியை மட்டும் ஏன் விட்டனீங்கள்?"

"அதோ? அது ஆரோ பிள்ளை வளக்கிற மாதிரி வளக்கினம், பாத்தாலே தெரியுது. அதிலை எப்பிடிக் கத்தி வைக்கிறது? வெயில் கூடின நாளிலை ரெண்டு வாளி தண்ணி விட்டிருக்கிறன், அவ்வளவுதான்."

"கதவைச் சாத்தினனீங்களோ?"

"ஓம், ஒவ்வொரு நாளும். எழுதிக் கிடக்கெல்லே!"

ரூ காயில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மரக்கறி வெட்டுகிறவள் அவள். விசயத்தை விளங்கப்படுத்தியதும் முகம் வெளிறிவிட்டது. போலீசுக்குச் சொல்வார்களா என்று கேட்டாள். முதலில் போக வேண்டியது அதைவிடப் பெரிய இடம் என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மனைவி முழுவதையும் கேட்டாள். வந்தவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"தமிழிலை எழுதினால் ஒருத்தருக்கும் விளங்காது எண்டு நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"லா சப்பலிலை?"

"ஓம்."

எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டாள். கள்ளிக்கு ஒரு கோப்பை, தனக்கு ஒரு கோப்பை. கதிரை யன்னலடியிலிருந்து மேசைக்கு வந்திருந்ததைக் கண்டபடியால், மூன்றாவது கோப்பையைப் பற்றி நான் கதை எடுக்கவில்லை.

ஞாயிறு கூட்டத்தில் பேசியது மனைவிதான். அவளுடைய பிரெஞ்சு சாப்பாட்டு வரிசையில் தள்ளுப்படுகிற பிள்ளைகளை அடக்கப் பழகிய பிரெஞ்சு. பெரியவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடந்ததைச் சொல்லி, "எழுதியவர் இவர்" என்று கையை நீட்டினாள். நான் எழுந்து, தூணில் இருந்ததைத் தமிழில் ஒருமுறை, பிரெஞ்சில் ஒருமுறை வாசித்தேன். கதவைச் சாத்தச் சொன்ன வரிக்கு வந்ததும், பீற்றூட் அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு ஒருவரும் அடக்கவில்லை.

சாப்பாட்டுக் கடைப் பெண் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். தேங்காய்ப்பூப் போட்ட பீற்றூட் இலை வறை. பீற்றூட் அம்மா ஒரு கரண்டி எடுத்தார், யோசித்தார், இன்னொரு கரண்டி எடுத்தார். தன் இலையைத் தானே தின்கிறார் என்று அவருக்குச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

தன் பூசணியை ஏன் வெட்டினாள் என்று தலைவர் கேட்டார். அவள் காட்டைக் காட்டினாள். சொந்தக்காரர் செத்துப்போனார் என்று நினைத்ததாகவும் சொன்னாள். எதையும் குறைத்து மொழிபெயர்க்கிற பழக்கம் என் மனைவிக்கு இல்லை. தலைவர் பீற்றூட் நிறத்துக்கு வந்தார். கடைசியாகத் தன் பாத்தியில் புல்லுப் பிடுங்கியது எப்போது என்று யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. எனக்கு அவரை அந்த நிமிடத்தில் மிகவும் பிடித்துப் போயிற்று. என்னைப்போல இன்னொருவர்!

"மேடம், பாத்தி உங்களுடையதுதான்" என்றார். முன்னால் நான்கு வரி மரியாதை இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அது ஒருமுறைதான்.

மனைவியின் விட்டுப்போன அந்தத் தோள் மெதுவாகக் கீழே இறங்கியதை மட்டும் கண்டேன். இத்தனை நாளும் அதைத் தூக்கி வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வீட்டுக்கு வரும் வழியில் பாத்தியில் பச்சைமிளகாய் பிடுங்கி, கைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, அதில் சுற்றினாள். நான் மெத்ரோப் பாலம்வரை காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தேன்.

பாழ் கிடந்த ஐந்து பாத்திகளையும் அந்த மாதமே பட்டியலில் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பட்டியலின் அடியில் இப்போது சாப்பாட்டுக் கடைப் பெண்ணின் பெயரும் இருக்கிறது. அவள் முறை வரும்வரை தலைவரின் காட்டைப் பார்க்கிறாள்: கிழங்கும் காயும் அவருக்கு, இலை அவளுக்கு. குழாய்க்கு இன்னும் வாளிதான். ஆனால் புதுப் பூட்டு வந்துவிட்டது. அதன் இலக்கத்தை ஒரு பாத்திக்கு ஒருவருக்கு மட்டும் சொல்வதென்று கூட்டத்தில் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அந்த 'ஒருமனதாக' என்ற சொல்லைச் சொல்லும்போது எல்லோரும் ஏன் என்னைப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

போன சனிக்கிழமை மனைவி முன்னால் போய்விட்டாள். நான் பின்னால் மண்மூட்டையைச் சுமந்துகொண்டு கதவடிக்கு வந்தேன். தூணில் நான் ஜவெல் போட்டுத் தேய்த்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது, நன்றாக எழுதலாம். மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சாரும், புது இலக்கம் என்ன? எழுதமாட்டன், சத்தியமா மனசிலை வைச்சிருப்பன்."

"கதவடியிலை நிண்டு கூப்பிடுங்கோ. நான் வந்து திறந்து விடுறன்."