நீலச் சாயம் பூசியவள் எழுதிய காட்சி

2005 கோடையில் மரக்காணம் உப்பளத்துக்கு ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்து இறங்கியது. வேற்றுக்கிரகக் கதை. வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள், கண் கூசும் பாத்திகள். செட் போடாமலே ஒரு கிரகம் கிடைத்துவிட்டதில் டைரக்டருக்கு ஏக சந்தோஷம். உள்ளூரில் எழுதத் தெரிந்தவர் யார் என்று விசாரித்தவர், வார இதழ்களில் நான்கு கதை வெளிவந்திருந்த என்னை வசனம் எழுதச் சேர்த்துக்கொண்டார். திரையில் என் பெயர் வரும் என்று தெருவில் நான் சொல்லாத வீடு கிடையாது. மளிகைக்கடை வைத்திருந்த அப்பா, சாமான் வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொன்னார்.

வேறு கிரகத்திலிருந்து நீல நிற மனிதர்கள் பூமிக்காரர்களின் விண்கலத்துக்குப் பிழைக்க வருகிறார்கள், அங்கே தாழ்வாக நடத்தப்படுகிறார்கள். இதுதான் கதை. நீல மனிதர்களாக நடிக்க உப்பளத்தில் வேலை செய்தவர்களையே பிடித்துச் சாயம் பூசினார்கள். முக்கியமான காட்சி ஒன்று என் பொறுப்பு. கேப்டன் ஒரு நீலப் பெண்ணைக் கண்டபடி திட்டி எட்டி உதைப்பான். அவள் எழுந்து நின்று, எல்லோருக்கும் ரத்தம் சிவப்புதான் என்று ஒன்றரைப் பக்கம் பேசுவாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது.

படமாக்கியபோது எடுபடவில்லை. டைரக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நீலச் சாயத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தி, அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்கிறவள், வாயைத் திறந்தாள்.

"யாரும் இப்டி திட்ட மாட்டாங்க சார். நல்லாத்தான் பேசுவாங்க."

"அப்ப தாழ்வா நடத்துறாங்கன்னு எப்டிம்மா தெரியும்?" என்றார் டைரக்டர்.

"உப்ப கையில குடுத்தா சண்டை வரும்னு கீழ வெச்சு எடுத்துக்கச் சொல்வோம்ல சார். சின்ன வயசுல கடையில எனக்கு மீதிக் காசையும் அப்டித்தான் பலகையில வெப்பாங்க. காசுக்கும் அதே வழக்கம் போலன்னு நானும் பலகையிலயே வெச்சுக் குடுப்பேன். ரொம்ப நாள் கழிச்சுதான் பாத்தேன், பக்கத்துல நின்ன பொண்ணுக்குக் கையில குடுத்தாங்க."

டைரக்டர் என் பக்கங்களை மடித்து வைத்தார். "எழுதிட்டு வர்றியாம்மா?" என்றார்.

மறுநாள் காலை இரண்டு பக்கம் கொண்டுவந்தாள். அதில் கேப்டன் அன்பானவன். நீலப் பெண்ணுக்கு ரொட்டியை மேஜையில் வைக்கிறான், மருந்தை மேஜையில் வைக்கிறான். அதுதான் இந்த ஊர் மரியாதை என்று நினைத்து அவளும் எல்லாவற்றையும் மேஜையிலேயே வைக்கிறாள். ஒரு நாள் கேப்டன் இன்னொரு பூமிக்காரனின் கையில் மருந்தைக் கொடுக்கிறான். அவள் தன் கையைப் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். வசனமே கிடையாது.

நான் அந்த இரண்டு பக்கத்தில் எழுத்துப்பிழை தேடினேன். மூன்று கிடைத்தன. டைரக்டரிடம் காட்டினேன், அவர் சிரித்தார். என் காட்சி போனது. எழுதியவர் என்ற இடத்திலிருந்து என் பெயரும் போனது. மீதிப் பகுதிகளுக்கும் அவளையே எழுதச் சொன்னார்.

மனசு கேட்காமல் அவளைத் தனியாகப் பிடித்தேன். "எப்டித் தோணுச்சு இது?"

"தோணலக்கா. நடந்தது."

"எந்தக் கடை?"

தயங்கினாள். "உங்க கடைதாங்க்கா. சாயந்தரத்துல நீங்கதான கல்லாவுல இருப்பீங்க."

அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்தான் கல்லாவில் உட்காருவேன். ஆனால் அவளை எனக்கு நினைவில்லை. காசைப் பலகையில் வைத்ததும் நினைவில்லை. வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ ஆத்திரம். என் கடை, என் கை. காட்சி மட்டும் அவளுடையதாகிவிட்டது.

அந்தப் பகுதி ஒளிபரப்பான மாலை, கடையிலிருந்த சின்ன டிவியில் அப்பா பார்த்தார். சாதி என்று நேராகச் சொல்லியிருந்தால் சேனலை மாற்றியிருப்பார். நீலச் சாயம் இருந்ததால் கடைசி வரை பார்த்தார். "பாவம் அந்தப் புள்ள. அந்தாளுக்கு மனசாட்சியே இல்ல" என்றார். பெயர்கள் ஓடுவதற்குள் என் பக்கம் திரும்பிவிட்டார். "நீ எழுதினதாம்மா?"

"ஆமாப்பா" என்றேன்.

மறுநாள் அவள் சோப்பு வாங்க வந்தாள். நான் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நேத்து டிவியில பாத்தியா, அந்த நீலப் பொண்ணு கதை? எம்பொண்ணு எழுதினது" என்றபடியே மீதிச் சில்லறையைப் பலகையில் வைத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள்.

"பாத்தேங்க. நல்லா இருந்துச்சு" என்றாள். காசுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தக் காசு எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம். உண்மையையும் சொல்லியிருக்கலாம். ஆனால் இதையும் இவள் எழுதிவிடுவாளே என்ற பொறாமைதான் எனக்கு முதலில் வந்தது. இத்தனை வருஷமாகியும் அவள் எழுதவில்லை. நான் எழுதிவிட்டேன்.