பாலமுனையில் யாரிடம் காணி கேட்பது?

என் கணவர் பாறூக் வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றது இந்த வருடம் மார்ச்சில். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கடல் கதைதான். கண்டிக் குளிரில் முழங்கால் கடுக்கிறதாம், மிச்சக் காலத்தைக் கடலோரத்தில் கழிக்க வேண்டுமாம். பொத்துவில் பக்கம் காணி விலை கேட்டுவிட்டு, கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார். பிறகு, அவரோடு வேலை செய்த அட்டாளைச்சேனைக்காரர் ஒருவர், பக்கத்துப் பாலமுனையில் அன்சார் என்பவரிடம் கடலோரமாக இருபது பேர்ச், அதாவது அரைக்கால் ஏக்கர், தென்னங்காணி விற்பனைக்கு இருப்பதாகச் சொன்னார். ஒரு சின்ன வீடு, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறைகள் என்று இவர் கணக்குப் போட்டார். ஓய்வூதியப் பணம் பாதி, என் உம்மா தந்த வளையல்களை விற்ற பணம் பாதி. ஜூலையில் புறப்பட்டோம்.

கண்டியில் காலை ஐந்தரைக்குக் கல்முனை பஸ். ஒருவருக்கு 980 ரூபாய், தூரம் இருநூறு கிலோமீற்றர் அளவில். மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளில் வயிறு வெறுமையாக இருப்பது நல்லது. அம்பாறை தாண்டி, மாவடிப்பள்ளியில் இரண்டு பக்கமும் வயல் விரிந்ததும் இவர் சன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினார். நடத்துநர் அதட்டிய பிறகுதான் உள்ளே எடுத்தார். கல்முனை வரை போகத் தேவையில்லை. காரைதீவுச் சந்தியில் இறங்கி அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் பதினைந்து கிலோமீற்றரில் பாலமுனை. நாங்கள் பன்னிரண்டு மணிக்கு முன்பே இறங்கிவிட்டோம்.

ஓட்டோக்காரருக்கு 'அன்சார் வீடு' என்றால் விளங்கவில்லை. எந்த அன்சார், என்ன தொழில் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் முகம் மலர்ந்தார்.

"ஹாஜறா ராத்தாட மாப்புளயா? அப்பிடிச் சொல்லுங்களன். அவட ஊடு எனக்குத் தெரியும்."

இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். அவர் சொன்ன விதத்தை அப்போது நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் தங்குவிடுதி எதுவும் கண்ணில் படவில்லை. அன்சாரின் மனைவி ஹாஜறாவின் வீட்டிலேயே ஓர் அறை தந்தார்கள். நாளுக்கு 2,500 ரூபாய், சாப்பாடு உட்பட என்று நாங்களே கணக்கு வைத்துக்கொண்டோம். முதல் நாள் பணத்தை நீட்டியபோது ஹாஜறா வாங்க மறுத்துவிட்டார். பிறகு மகளின் கையில் திணித்தேன். காலையில் பிட்டும் எருமைத் தயிரும், பகலில் சோறும் மீன் ஆணமும். ஆணம் என்றால் நம்முடைய குழம்புதான், புளி கொஞ்சம் தூக்கல். அந்த நான்கு நாட்களில் நான் கண்டியில் சாப்பிடுவதைப் போல இரண்டு பங்கு சாப்பிட்டேன், வெட்கப்படவும் இல்லை.

ஊர் சின்னது, ஆனால் தூங்கி வழிகிற ஊர் இல்லை. விடியும் முன்பே கரையில் வலை இழுக்கும் சத்தம். பகலில் மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மணலை அள்ளி வீசும், வெளியே காயப்போட்ட உடுப்பை அடுத்த வளவில் தேட வேண்டிவரும். யாரைப் பார்த்தாலும் முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள், அடுத்து எத்தனை பிள்ளைகள் என்பார்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைச் சொன்னதும் பேச்சை மாற்றாமல், அனுதாபமும் காட்டாமல், "அப்ப இஞ்ச வந்து இரிங்க, புள்ளயளுக்கு என்ன குறைச்சல்" என்றார் அடுத்த வீட்டுப் பெண். எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

காணி வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பதினோரு தென்னை, ஒரு பழைய கிணறு, நல்ல தண்ணீர். இவரும் அன்சார் காக்காவும் (அங்கே காக்கா என்றால் அண்ணன்) இரண்டு நாள் மரத்தடியில் இருந்து பேசினார்கள். இவர் வங்கிக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருப்பதுபோல் விறைப்பாகப் பேச, அன்சார் காக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். விலை ஒத்துப்போனது. என்ன விலை என்று எழுத மாட்டேன். எழுதினால் நாளைக்கே அங்கே விலை ஏறும், என்னைத்தான் திட்டுவார்கள்.

மூன்றாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, காணிப் பத்திரமான உறுதி எழுத எப்போது போகலாம் என்று இவர் கேட்டார். அன்சார் காக்கா மனைவியைப் பார்த்தார். அதுவரை எங்கள் பேரம் எதிலும் வாய் வைக்காத ஹாஜறா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உறுதி யாருடைய பெயரில் என்று கேட்டார். "என்ட பேர்லதான்" என்றார் இவர்.

"இது என்ட உம்மா எனக்கு எழுதித் தந்த காணி. அவக்கு அவட உம்மா குடுத்த. இதுவரைக்கும் ஆம்புள பேருக்குப் போனதில்ல. ராத்தாட பேருக்கு எழுதுறதெண்டா தாறன். இல்லாட்டி வேணாம்."

ராத்தா, அதாவது அக்கா, என்றது என்னை. இவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "நாங்க ரெண்டு பேரும் ஒண்டுதானே, யார்ட பேர்ல இருந்தா என்ன?"

"அப்ப அவட பேர்ல இரிந்தாலும் ஒண்டுதானே, காக்கா" என்றார் ஹாஜறா.

இவருடைய முகம் சிவந்துவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போனார், அன்சார் காக்கா பின்னாலேயே ஓடினார். எங்களுக்கு இது முன்பே தெரியும் என்று அவர் நினைத்திருந்தாராம். அந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைகளுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். முப்பது வருடமாக மனைவியின் வீட்டில் இருக்கிறேன், ஒரு குறையும் இல்லை என்று வழியெல்லாம் இவருக்கு ஆறுதல் சொன்னாராம்.

இந்த வழக்கத்தை இனிப்பாக மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். பெண்ணைப் பெற்றவர்கள் வீடு கட்டியே தேய்கிறார்கள். ஹாஜறா இந்தக் காணியை விற்பதும் இளைய மகளின் வீட்டுக்குக் கூரை போடத்தான். மகன் கட்டாரில் உழைப்பதும் அதே வீட்டுக்குத்தான். இவ்வளவு நெருக்கடியிலும் உறுதியில் ஒரு பெயருக்காக விற்பனையையே விட அவர் தயாராக இருந்தார்.

நான் அறையில் உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. இவர் வீம்புக்காரர், பெட்டியைக் கட்டு என்றால் கட்ட வேண்டியதுதான், கடலோர வீடும் அதோடு போய்விடும். அதைவிடப் பயம் தந்தது, ஹாஜறா சொன்னதும் என் நெஞ்சு அடித்துக்கொண்ட விதம். வாப்பாவின் வீட்டில் பிறந்து, மாமனாரின் வீட்டுக்கு வாழப் போய், இவர் கட்டிய வீட்டில் இருக்கிறேன். என் பெயரில் ஒரு கோழிக்கூடுகூட இருந்ததில்லை. அது ஒரு குறை என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதும் இல்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இவர் வந்தார். கால் முழுக்க மணல். கதவைச் சாத்திவிட்டு, "ஒனக்கு வேணுமா?" என்று கேட்டார். எதைக் கேட்டாலும் உங்கள் விருப்பம் என்று சொல்லிப் பழகிய வாய் என்னுடையது. வேணும் என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. இவர் காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, செரி என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை போங்கள், நவம்பரில் மழை தொடங்கினால் வயலும் வீதியும் ஒன்றாகிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் கடை எதுவும் திறந்திருக்காது. கடலோரக் காணி என்றால் கடல் எவ்வளவு அரித்திருக்கிறது என்று பத்து வருடத்துக்கு முந்தைய கரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அங்கே வேறொருவர் எங்களுக்குக் காட்டிய காணியின் எல்லைக்கல் தண்ணீருக்குள் நின்றது. காணிப் பதிவகத்தில் பழைய உறுதிகளைத் தேடாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில், வீட்டுப் பெண்ணிடம் பேசுங்கள். நாங்கள் இரண்டு நாளை வீணாக்கினோம்.

தேடல் எல்லாம் முடிந்து ஓகஸ்டில் மறுபடி போனோம். கல்முனையில் உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசின் அறை, மின்விசிறி சுற்றியும் வெக்கை. அவர் பேனாவைத் திறந்து, வாங்குபவரின் முழுப் பெயர் என்ன என்று இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எனக்கு வழிவிட்டார். என் பெயரை, வாப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னேன். ஹாஜறா உறுதியில் கையொப்பம் வைத்தார், அன்சார் காக்கா ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. அதற்கு இவர் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் பெயர் இருந்த தாளின் அடியில் குனிந்து கையொப்பம் வைத்தார்.