புரட்டாசிச் சனிக்கிழமை ஓட்டம்

விளையாடுற பிள்ளைக்குப் பெத்தவங்க எப்படித் துணையா இருக்கணும்னு யாராவது மேடையில மைக்கைப் பிடிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். தடுக்காதீங்க, தட்டிக்குடுங்கம்பாங்க. என்னை எங்க வீட்டுல யாரு தடுத்தா? எங்க அப்பாவும் அம்மாவும் எனக்குத் துணையா நின்ன மாதிரி அந்தக் காலத்து ராஜபாளையத்துல எந்தப் பொட்டப்பிள்ளைக்கும் யாரும் நின்னிருக்க மாட்டாங்க. அப்படி நின்னும் நான் விழுந்தேன். அவங்க நின்னதாலதான் விழுந்தேன்னு இத்தனை வருசமா யார்கிட்டயும் சொன்னதில்லை.

எண்பதுகள்ல நான் பத்தாம் வகுப்பு படிச்சேன். அப்பாவுக்கு நூல் மில்லுல வேலை. ஷிப்டு முடிஞ்சு தலையெல்லாம் பஞ்சு ஒட்டிக்கிட்டு வருவார். வந்த மனுசன் படுக்கணும்ல? படுக்க மாட்டார். சைக்கிளைத் திருப்பி நிறுத்திட்டு, "கெளம்பு தாயி, வெயில் வந்துரும்"பார். முடங்கியார் ரோட்டுல நான் முன்னால ஓட, அவர் பின்னால சைக்கிள்ல வருவார். டீக்கடையில உக்காந்திருக்கிறவங்களுக்கு அது தினமும் வேடிக்கை. "என்னண்ணே, பிள்ளையைப் பெத்தியளா, பந்தயக் காளையைப் பெத்தியளா?"ன்னு சத்தம் குடுப்பாங்க. அப்பா சிரிச்சுக்கிட்டே, "காளைன்னே வச்சுக்கோங்க. குறுக்க மட்டும் வந்துராதீங்க"ன்னு சொல்லிட்டு மணியை அடிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அம்மாவுக்கு ஓட்டப்பந்தயம்னா என்னன்னு கடைசி வரைக்கும் பிடிபடலை. "ஒரே வட்டத்தைச் சுத்திச் சுத்தி ஓடி எங்கட்டி போறே?"ன்னு கேப்பா. ஆனா வேண்டாம்னு ஒரு நாளும் சொன்னதில்லை. என் அரைக்கால்சட்டையைத் துவைச்சு, கொடியில தன் சேலைக்கு உள்பக்கமா காயப்போடுவா. யாரும் பாத்து ஒண்ணும் சொல்லிறக் கூடாதாம். ராத்திரி காலுக்கு எண்ணெய் தேச்சு நீவி விடுவா. தனக்குத் தெரிஞ்சதை எல்லாம் செஞ்சா, பாவம். அவளுக்கு ரொம்ப நல்லாத் தெரிஞ்ச ஒண்ணு விரதம். அப்பாவுக்கு மில்லுல வேலை நிரந்தரமாகணும்னு விரதம் இருந்தா, ஆச்சு. எனக்கு டைபாய்டு வந்தப்ப இருந்தா, பிழைச்சேன். பெருமாள்கிட்ட ஒரு காரியம் ஆகணும்னா வயித்தைக் காயப்போடணும், அம்புட்டுதான் அவ கணக்கு.

எங்க விளையாட்டு டீச்சர் கண்டிப்பான ஆளு. "எண்ணூறு மீட்டர்ல உன்னை அடிக்க இந்தப் பக்கம் ஆளில்லை. மாவட்டப் போட்டியில முதல் ரெண்டு பேருக்குள்ள வந்துட்டா உனக்கு விளையாட்டு விடுதியில இடம் வாங்கித் தர்றது என் பொறுப்பு. மதுரையில தங்கிப் படிக்கலாம், ஓடலாம்"னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டதுலருந்து எனக்குத் தூக்கமே இல்லை. பத்தாவது முடிஞ்சா எங்க தெருவுல பொட்டப்பிள்ளைக்கு அடுத்தது கல்யாணம்தான். அந்த விடுதி மட்டும் கெடைச்சிட்டா நான் தப்பிச்சிருவேன். டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "தினம் முட்டை குடுங்க, பால் குடுங்க"ன்னு சொன்னாங்க. அப்பாவும் முட்டையை வாங்கி வேட்டி மடிப்புல வச்சு, ஏதோ தங்கத்தைக் கொண்டுவர மாதிரி கொண்டுவந்தார்.

அப்பப் பாத்து புரட்டாசி பொறந்துச்சு. எங்க வீட்டுல புரட்டாசி முழுக்க முட்டையைப் பத்திப் பேசவே கூடாது. சரி, போகுதுன்னு விட்டேன். ஆனா போட்டி எந்த நாள்ல வந்துச்சு தெரியுமா? புரட்டாசிச் சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்துல. அதைக் கேட்டதும் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிச்சுப்போச்சு. "பாத்தியா, பெருமாளே நாள் குறிச்சிருக்காரு!"ன்னா. அப்பவே நேந்துக்கிட்டா. அன்னைக்குக் காலையில நான் மைதானத்துல ஓடணுமாம், அதே நேரத்துல அவ ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துலயே இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாள் மலையில ஏறுவாளாம். ரெண்டு பேரும் முந்தின நாள் பொழுது சாஞ்சதுலருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கணுமாம். சாயங்காலம் வீட்டுல படையல் போட்ட பொறவுதான் சாப்பாடு.

"பசிச்சா ஓட முடியாதும்மா"ன்னு சொன்னேன். "பெருமாள் தூக்கிட்டு ஓடுவாருட்டி, நீ சும்மா காலை மட்டும் வையி"ன்னா. அப்பா ஒரு வார்த்தை சொல்லுவார்னு அவர் மூஞ்சியையே பாத்தேன். அவர், "ஒரு பொழுதுதானே தாயி, தாங்கிக்கிடலாம்"னுட்டார்.

அன்னைக்கு பஸ்ஸுல மூச்சு விட இடமில்லை. பூராம் மலைக்குப் போற கூட்டம். நாமம் போட்டு, துளசியும் தேங்காயுமா ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்திருந்தாங்க. அம்மா எங்களுக்கு முந்தின பஸ்ஸுலயே போயிட்டா. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி நடந்தா, பால்கோவா கடைகள்ல பெரிய பெரிய சட்டியில பாலை ஊத்திக் கிண்டிக்கிட்டு இருக்காங்க. பசிச்ச வயித்துக்கு அந்த வாசம் இருக்கே, ஐயோ! கொலைகாரத்தனம். அப்பா ஒரு கடை முன்னால நின்னுட்டார். என்னையும் பாத்தார், கடையையும் பாத்தார். கை சட்டைப் பைக்குள்ள போச்சு. எனக்கு நாக்குல எச்சில் ஊறுது. செத்த நேரம் அப்படியே நின்னவர், "வேண்டாம் தாயி, சாமி காரியம். உங்கம்மா அங்க வெறும் வயித்தோட ஏறிக்கிட்டு இருப்பா"ன்னு சொல்லிட்டு வெறுங்கையை வெளிய எடுத்தார்.

மைதானத்துல டீச்சர் என்னைப் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டியா?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அப்பா, "ஆச்சு டீச்சர், நல்லாச் சாப்பிட்டா"ன்னார். வாழ்க்கையில பொய்யே சொல்லாத மனுசன்.

ஓடினேன். முதல் சுத்துல நான்தான் முன்னால. பின்னால வந்தவளுக்கும் எனக்கும் நடுவுல நல்ல இடைவெளி இருந்துச்சு. கயித்துக்கு வெளிய நின்னு அப்பா, "விட்றாதே தாயி!"ன்னு கத்துறது கேட்டுச்சு. ரெண்டாவது சுத்துல பாதி தாண்டினதும் காது அடைச்சுப்போச்சு. கை ரெண்டும் யாரு கையோ மாதிரி தொங்குது. கோடு தெரியலை, ஆளு தெரியலை. கால் மட்டும் கொஞ்ச தூரம் போச்சு, அதுவும் மடங்கிருச்சு. முழிச்சப்ப மூஞ்சியில தண்ணியும், பல்லுல மண்ணும். அப்பா மடியில கெடக்கேன். "என்னத்தைக் குடுத்தீங்க இவளுக்கு?"ன்னு டீச்சர் அப்பாவைப் பிடிச்சுக் கத்துறாங்க. அப்பா விரதத்தைப் பத்திச் சொன்னார். விஷயம் விளங்கினதும் டீச்சர் தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க.

ஓட்டல்ல அப்பா எனக்கு இட்லி வாங்கிக் குடுத்தார். தானே பிச்சுப் பிச்சு ஊட்டினார், அம்புட்டுப் பெரிய பிள்ளைக்கு. அவர் ஒரு வாய் சாப்பிடலை. சாம்பார் வாளியோட வந்த ஆளு, "பாப்பாவுக்கு என்ன காய்ச்சலா?"ன்னு கேட்டதுக்கு, மேல்துண்டை வாயில வச்சுக்கிட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்தா, அம்மா எங்களுக்கு முன்னாலயே வந்து வாசல்ல நிக்கா. நெத்தியில நாமம், கையில துளசி, பாதமெல்லாம் கொப்புளம். "ஜெயிச்சிட்டியாட்டி?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேக்கா. அப்பா, "விழுந்துட்டா"ன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டார். அம்மா அப்படியே நிலைப்படியில உக்காந்தா. என் முழங்காலைப் பாத்தா, பொறவு தன் கையைப் பாத்தா. அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் ஓட்டத்தைப் பத்தி வாயே திறக்கலை. அப்பா மில்லுலருந்து வந்ததும் படுத்துத் தூங்க ஆரம்பிச்சார். விடுதி இடம் வேற ஊர்ப் பிள்ளைக்குப் போச்சு. என்னை ஸ்ரீவில்லிபுத்தூர்லயே கட்டிக்குடுத்தாங்க.

அம்மா மேல எனக்கு இருந்த கோவத்தை இப்பவே சொல்லிப்புடுறேன். அது சின்னக் கோவம் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவ எனக்குத் தலை வாரி விடையில கூட, "என்னைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டியேம்மா"ன்னு மனசுக்குள்ள கத்திக்கிட்டுதான் உக்காந்திருந்தேன். என்னைக்காவது ஒரு நாள் அவ மூஞ்சிக்கு நேரா கேக்கணும்னு அந்தக் கேள்வியை அப்படியே வச்சிருந்தேன்.

கேக்குற நாளும் வந்துச்சு. தொண்ணூறுகள்ல அப்பா போன பொறவு அம்மா எங்க வீட்டுக்கு வந்துட்டா. சர்க்கரை வியாதி, வேளாவேளைக்கு மாத்திரை. என் மக பள்ளிக்கூடத்துல ஓட ஆரம்பிச்சிருந்தா. நான் ஓடச் சொல்லலை, அவளாத்தான் ஓடினா. போட்டி அன்னைக்குக் காலையில நானே நின்னு அவளுக்கு அவிச்ச முட்டையும் இட்லியும் குடுத்து, பாலைக் குடிக்க வச்சு, அவ அப்பாகூட அனுப்பினேன். வீட்டு வேலையெல்லாம் முடிச்சு, அவ ஓடுற நேரத்துக்கு நானும் சேலையை மாத்திக்கிட்டுக் கெளம்பையில அடுப்படியில ஏதோ சரியற சத்தம் கேட்டுச்சு. போய்ப் பாத்தா, அம்மா சுவத்தோட சாஞ்சு கெடக்கா. உடம்பெல்லாம் வேர்வை. அவளுக்குப் போட்டு வச்ச காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிக் கெடக்கு. நேத்து ராத்திரி வச்ச தோசையும் மூடினபடியே இருக்கு.

புரட்டாசியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. எனக்கு எங்கருந்துதான் வந்துச்சோ அந்தக் கோவம்! "உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? சர்க்கரைக்காரி பட்டினி கெடந்தா செத்துப்போயிருவே"ன்னு கத்திக்கிட்டே சீனித்தண்ணியைக் கலக்கி வாயில வச்சேன். பல்லைக் கடிச்சுக்கிட்டா. கையால தம்ளரைத் தள்ளுதா.

"பிள்ளை ஓடி முடிக்கட்டும்ட்டி. இந்தத் தடவை ஒரு சொட்டு உள்ள போகக் கூடாது."

"இந்தத் தடவையா? என்னம்மா சொல்லுதே?"

செத்த நேரம் மூச்சு வாங்கினா. பொறவு என் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. "அன்னைக்கு மலையடிவாரத்துல எனக்குத் தலை சுத்திருச்சு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல நின்ன ஒரு பொம்பளை காப்பித்தண்ணி நீட்டினா. ஒரே ஒரு வாய்தான்ட்டி, குடிச்சுப்புட்டேன். குடிச்ச பொறவுதான் நெனப்பு வந்துச்சு. ஓடிப்போய் வாயைக் கொப்புளிச்சேன். ஆனா உள்ள போனது போனதுதானே? அதே நேரத்துலதான் நீ அங்க விழுந்திருக்கே. உங்கப்பாகிட்டக் கூட நான் சொல்லலை."

கேள்வி தொண்டை வரைக்கும் வந்துச்சு. பசிம்மா, பசியிலதான் விழுந்தேன், நீ குடிச்சதால இல்லை, நான் குடிக்காததாலன்னு சொல்லியிருக்கணும். சொன்னா அந்த ஒரு வாய் காப்பிப் பாவத்துலருந்து தப்பிச்சிருவா. ஆனா பெத்த பிள்ளையைப் பட்டினி போட்டுத் தள்ளிவிட்டதே தான்தான்னு தெரிஞ்சுக்கிடுவா. அம்புட்டு வருசம் சேத்து வச்ச கேள்வி, அவ மூஞ்சியைப் பாத்ததும் வரமாட்டேன்னுருச்சு.

"அன்னைக்கு வெயில்மா. வெயில்லதான் மயக்கம் வந்துச்சு"ன்னேன்.

"வெயிலா? நான் ஒழுங்கா இருந்திருந்தா பெருமாள் ஒரு மேகத்தை அனுப்பிருக்க மாட்டாரா?"

தம்ளரைப் பிடிச்சுக்கிட்டு அவ பக்கத்துலயே உக்காந்துட்டேன். டாக்டரைக் கூட்டிட்டு வரலாம்னு எந்திரிக்கையில வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. என் மக செருப்பைக் கூடக் கழட்டாம உள்ள ஓடி வந்தா. "அம்மா, நான்தான் முதல்! அப்பாகிட்டக் கேளு, எல்லாரையும் தாண்டிட்டேன்!"

அம்மா என் கையிலருந்து தம்ளரை வாங்கி, சீனித்தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சா. பேத்தியைக் கிட்ட இழுத்து நெத்தியில முத்தம் குடுத்தா. அம்புட்டுச் சந்தோசம் அவ மூஞ்சியில. பொறவு என் பக்கம் திரும்பினா. திரும்பினதும் அந்த மூஞ்சி உடைஞ்சுபோச்சு. ரெண்டு கையையும் எடுத்து, பெத்த மகளைக் கும்பிட்டா.

"பாத்தியாட்டி? அன்னைக்கும் நான் குடிக்காம இருந்திருந்தா நீ ஜெயிச்சிருப்பே."