பாபின் பிரிக்கிற மிஷினுக்கு விருது கேட்ட கதை

விருது என்பது ஆளைக் குறைக்க முதலாளிகள் கண்டுபிடித்த தந்திரம் என்று நான் உறுதியாக நம்பினேன். நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கூட இருந்தவர்களையும் நம்பவைத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் நான் ஃபிட்டர். நூல் சுற்றும் குழல்தான் பாபின். நூல் தீர்ந்த பாபின்களும் நூல் மிஞ்சிய பாபின்களும் கலந்து கூடைகூடையாக வரும். இரண்டு அக்காமார் குனிந்தபடி கையால் பிரிப்பார்கள். "இடுப்பு ஒடியுது. மூணு ஆம்பளைக மிஷினக் கட்டிக்கிட்டு இருக்கீக, என்னத்துக்கு?" என்று மூத்த அக்கா ஒருநாள் வைதார். அந்த வசவுக்குப் பயந்துதான் நானும் வெல்டரும் எலக்ட்ரீசியனும் வேலையில் இறங்கினோம். பழைய இரும்புக் குழாய்கள் இரண்டைச் சரிவாக, கீழே போகப் போக இடைவெளி அகலும்படி பற்றவைத்தோம். மோட்டார் ஒன்று பெல்ட் போட்டு அதை உலுக்கும். வெறும் பாபின் மெலிசு, மேலேயே விழுந்துவிடும். நூல் சுற்றியது கடைசிவரை போய் விழும். எங்கள் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

புதிதாக வந்த இளம் இன்ஜினியர் இதைப் பார்த்தார். புதுக் கருவி செய்த குழுவுக்கு மில் முதலாளிகளின் சங்கம் விருது தருகிறது, நாமும் கேட்போம் என்றார். சொன்னதோடு நிற்காமல் எல்லோருக்கும் வடையும் டீயும் வாங்கிக் கொடுத்தார். அங்கேதான் எனக்கு உறுத்தியது. எங்கள் மில்லில் வடை சும்மா வராது. படிவத்தை வாங்கிப் பார்த்தால், இக்கருவியால் எத்தனை ஆள் வேலை மிச்சம் என்று ஒரு கேள்வி.

வெல்டரை ஓரங்கட்டினேன். "ஏலே, கெடாய்க்கு மஞ்சத் தண்ணி தெளிச்சாச்சு. தலைய மட்டும் ஆட்டிராத. ஆட்டுனா சம்மதம்னு வெட்டிருவாங்க."

வெல்டர் மிரண்டுபோய்ப் பாதி வடையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். சாட்சி மிஞ்சக் கூடாதென்று அதையும் நானே தின்றேன்.

விளையாட்டாகச் சொன்னாலும் எனக்கு மூத்த அக்காவின் நினைப்புத்தான். எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மழை பொய்த்த வருஷம் அது. மில் வேலை போனால், கூலிக்குப் பருத்தி எடுக்கலாமென்றால் காட்டில் பருத்தி வேண்டுமே.

விஷயம் அவர் காதுக்கும் போனது. "ஏய்யா, ஒத்தாசை பண்றோம்னு சொல்லி எஞ்சோத்துல மண்ணப் போட்டுட்டீகளே!"

விண்ணப்பத்துக்குப் படமெடுக்க வந்த ஸ்டுடியோக்காரர், "தலையக் கொஞ்சம் சாய்ங்க" என்றார். மூவரும் அசையவில்லை. கழுத்துச் சுளுக்குக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் மாதிரி அந்தப் படத்தில் நிற்கிறோம்.

விருதுக் குழு மிஷினைப் பார்க்க வரும் நாளுக்கு நான் ஒரு திட்டம் போட்டேன். தானாக ஓடும் மிஷினின் மேல்முனையில் ஒரு அக்கா, கீழ்முனையில் மோட்டாரை ஒட்டி மூத்த அக்கா. இருவரும் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினியரிடம் மூச்சு விடவில்லை. அவர்தானே வடை வாங்கிக் கொடுத்தவர்! அன்று காலை நான் கக்கூஸுக்கும் மிஷினுக்குமாக நடந்தே களைத்தேன்.

வந்தவர்களில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் மூத்த அக்காவின் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இந்தம்மா இங்க என்ன செய்றாங்க?"

"அவுக இல்லேன்னா மிஷினே ஓடாது சார்" என்றேன்.

"எப்பவும் இதே இடத்துலதான் நிப்பாங்களா?"

"எட்டு மணி நேரமும் சார். ஒரு அடி நகர மாட்டாக."

அக்கா என்னையும் மிஞ்சினார். "சேல நுனி மோட்டார ஒரசுற மாதிரி நின்னாத்தேன் சார் வேல ஓடும்."

பெரியவர் மோட்டாரைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்ஜினியர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்கம்மா" என்று அக்காவை விலக்கிவிட்டுப் பெரியவர் ஏதோ எழுதினார். மிஷின் பாட்டுக்கு ஓடியது. நின்னு தொலையேன் சனியனே என்று வாய்க்குள் கெஞ்சினேன். அது கேட்கவில்லை. அக்காவின் வேலைக்குத்தான் முடிவு எழுதுகிறார் என்று நினைத்தேன்.

விருது எங்களுக்குக் கிடைக்கவில்லை. மூடி இல்லாத பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை நாள் முழுக்க நிறுத்துகிற கருவிக்கு விருது தர முடியாது என்று பதில் வந்தது. வெல்டர் எண்ணெய் டின்னை வெட்டி பெல்ட்டுக்கு மூடி போட்டார். அக்காமார் இருவரையும் மிச்ச நூல் வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கே வெகுநாளாக ஆள் பற்றவில்லை. சம்பளம் அதேதான். உட்கார்ந்து பார்க்கிற வேலை.