மச்சில் நடந்த கால்கள்

முத்துகிருஷ்ணனுக்குப் போர்ட் பிளேரில் இரண்டு பெயர்கள். மின்சாரத் துறைப் பதிவேட்டில் இருப்பது ஒன்று. மற்றது ஊர் வைத்தது: பூத்வாலா. வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நம்மவரும் ஒருவருக்கொருவர் இந்தியிலேயே பேசிக்கொள்கிற ஊரில் பட்டப்பெயரும் இந்தியில்தான் வரும். பேய்க்காரர் என்று அர்த்தம். முதலில் கோபப்பட்டவர், பிறகு போனை எடுத்ததும் தானே "ஹாங், பூத்வாலாதான் பேசுறேன்" என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டார்.

ஆளைப் பார்த்தால் பேய்க்கும் அவருக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தோன்றாது. ஐம்பத்து நான்கு வயது, அளவான தொப்பை, சத்தம் கேட்டால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்ளும் பழக்கம். பேய் ஓட்டுகிறவர் அல்ல. மந்திரமும் தெரியாது, தாயத்தும் கட்டமாட்டார். லைன்மேன் வேலைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டார்ச், ஒரு டெஸ்டர், ரசமட்டம், டப்பா நிறைய அரிசி மாவு, நீளமான நோட்டு ஒன்று, இவற்றை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு, யார் வீட்டில் என்ன விளங்காத சங்கதி நடக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். ஒரு டீயைத் தவிர வேறெதையும் வாங்கமாட்டார். "ஊரார் வீட்டுப் பேயெல்லாம் பிடிக்கிறீங்க, நம்ம டேங்குல ஒழுகுற ஓட்டை எங்கன்னு பிடிக்கத் தெரியல" என்பாள் மனைவி இந்திராணி. உடனே அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிவிடுவார்.

இது தொற்றிக்கொண்டது பதினொரு வருடங்களுக்கு முன். அவர் குடியிருக்கும் கராச்சர்மாவிலேயே ஒரு வீட்டில், சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் எட்டு நாட்களாகப் பக்கத்து வீட்டில் படுத்து எழுந்தார்கள். புகாரைப் பார்க்கப் போன முத்துகிருஷ்ணன், சுவிட்சுக்கு ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்துப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். அன்று அந்த வீட்டுப் பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு தங்கள் வீட்டுக்கே திரும்பி ஓடியதைப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்த சந்தோஷம், முப்பது வருட வேலையில் கிடைக்காதது. அதன் பிறகு விட முடியவில்லை.

மூன்று நாளைக்கு ஒருமுறை அழுத பெண் குரல் ஒன்று, நகராட்சி தண்ணீர் திறந்துவிடும்போது குழாயில் அடைபட்ட காற்றாகப் போயிற்று. ஃபீனிக்ஸ் பே பக்கம் பூட்டிய அறைக்குள் கண்ணாடி டம்ளர்கள் தானாகக் கிணுகிணுத்தன; படகுத்துறையில் தீவுப் படகு எஞ்சினை அணைக்காமல் நின்ற நேரமும் டம்ளர்கள் பேசிய நேரமும் ஒன்று என்று இரண்டு ஞாயிறு உட்கார்ந்து குறித்துக் காட்டினார். ஆனால் எல்லாமே இப்படி முடிந்ததில்லை. ஒரு வீட்டில் அம்மிக்கல் மூன்று முறை இடம் மாறியது. மாவு தூவிப் பார்த்தார், கதவைப் பூட்டிப் பார்த்தார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. அப்படிப்பட்ட ஒன்பது வீடுகளுக்கு நேராக "தெரியவில்லை" என்று நோட்டில் எழுதியிருக்கிறார். பேய் இருக்கிறது என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. ஊர் அவரை நம்பியது அந்த ஒன்பதால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாம் தெரிந்தவனை யார் நம்புகிறார்கள்?

பெரார்கஞ்சிலிருந்து சொக்கலிங்கம் கூப்பிட்டது ஒரு நவம்பர் மாதத்தில். சிவகங்கைப் பக்கத்துக்காரர், நாற்பது வருடங்களாக இந்தத் தீவுகளில் கட்டட காண்ட்ராக்ட் எடுத்தவர். முழங்கால் தேய்ந்துபோய் வேலையை விட்டுவிட்டார். வீட்டை விற்றுவிட்டு மனைவி விசாலாட்சியோடு ஊருக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தார்.

"வீடு வாங்க மூணு பார்ட்டி வந்துச்சு தம்பி, மூணும் ஓடிப்போச்சு. சாயந்திரம் ஆனா மச்சு மேல யாரோ நடக்குறாங்க. கால இழுத்து இழுத்து. நானே கேட்டேன். காலையில ஆள ஏத்திப் பாத்தா ஒண்ணுமில்ல. நீ வந்து பாத்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துரு. பூத்வாலா எழுதிட்டார்னா இந்த ஜில்லாவுல யாரும் மறுபேச்சு பேசமாட்டாங்க."

ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தார். வயலுக்கும் பாக்குத் தோப்புக்கும் நடுவே தகரக் கூரை போட்ட பழைய மர வீடு. கூரைக்குக் கீழே பலகை அடித்த மச்சு. அதில் ஏற அடுக்களைப் பக்கம் ஓர் ஏணி. அன்று மாலையே நான்காவது பார்ட்டி வருவதாகச் சொக்கலிங்கம் சொன்னார். பிரவீன்குமார் என்று ஒரு பள்ளி ஆசிரியர், மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது போலிருந்தது பேச்சு.

முத்துகிருஷ்ணனின் வழக்கம் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்பது. என்ன கேட்டீர்கள் என்று தொடங்கமாட்டார். அதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று தொடங்குவார். பயந்தவர்கள் அதைத்தான் விலாவாரியாகச் சொல்வார்கள். சொக்கலிங்கமும் அப்படித்தான் சொன்னார்: செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன், கையில் முறுக்கு இருந்தது, அது கீழே விழுந்துவிட்டது. விசாலாட்சியோ சத்தத்தை மட்டும் சொன்னார். எத்தனை அடி, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எத்தனை நிமிடம். சமையல் குறிப்பு சொல்வது போல அவ்வளவு சுத்தமாக இருந்தது. சொல்லிவிட்டு, சத்தம் வரும் பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினார். முத்துகிருஷ்ணன் அதையும் குறித்துக்கொண்டார்.

மதியம் ஏணியில் ஏறி, மச்சின் நடுப்பகுதியில் மாவைத் தூவினார். ஒரு மூலையில் பழைய சாக்குகள் குவிந்து கிடந்தன. எலிப் புழுக்கை இல்லை. கூரைத் தகரம் ஆடவில்லை.

நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊர் இது. நாலரைக்குச் சொக்கலிங்கம் பார்ட்டியைக் கூட்டிவர ஆட்டோவில் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினார். அவர் போன சிறிது நேரத்தில் மேலே தொடங்கியது. டக். சர்ர். டக், டக். சர்ர். காலை இழுத்து நடக்கும் மனிதனைப் போலவே இருந்தது. பதினொரு வருட அனுபவசாலிக்கும் முதுகுத்தண்டில் ஒரு சில்லிப்பு ஓடியது, சொல்லத்தானே வேண்டும். பிறகு டார்ச்சோடு ஏறினார்.

மாவில் தடம் தெளிவாக விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் ஊசியால் குத்தியது போன்ற புள்ளிகள், நடுவில் எதையோ இழுத்துச் சென்ற கோடு. கோட்டின் முனையில், உத்தரக் கட்டையின் மறைவில் கிடந்த தேங்காய்த் துருவலைச் சுற்றி ஆறு நண்டுகள். காலிச் சங்குக்குள் உடம்பை நுழைத்துக்கொண்டு அதை முதுகில் இழுத்தபடி கடற்கரையில் திரியுமே, அந்த நண்டு. ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி அளவு.

அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கடற்கரை வீடாக இருந்தால் அதுவாக ஏறியது என்று எழுதலாம். இது வயல்காடு. கடல் நண்டு வயலைத் தாண்டி வந்து, ஏணியில் ஏறி, தனக்குத்தானே தேங்காய் துருவி வைத்துக்கொள்ளாது. ஒரு நண்டை எடுத்துக்கொண்டு இறங்கி அடுக்களைக்குப் போனார்.

"அக்கா, இது இங்கத்துப் பொருள் இல்லியே."

விசாலாட்சி நிமிர்ந்து பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "கையக் கடிச்சிரும். பின்னாடி புடிங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. முத்துகிருஷ்ணன் நண்டை ஒரு சட்டிக்குள் போட்டார்.

"மேல எத்தனை இருக்கு?"

"ஏழு."

"ஆறுதான் பாத்தேன்."

"இன்னொண்ணு பெருசு. சாக்குக்குள்ள போயிருக்கும்." புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். "வண்டூர்ல என் தங்கச்சி வீடு. கடற்கரையை ஒட்டி. ஒவ்வொரு பார்ட்டி வர்றப்பவும் போய் எடுத்தாருவேன். விடியக்காலம் மேல விட்டுருவேன். பகல்ல சாக்குக்கடியில சுருண்டு கெடக்கும், அந்தி சாய்ஞ்சாத்தான் நடக்கும். மறுநாள் ஆள் ஏறுறதுக்குள்ள எறக்கிருவேன்."

"ஏன்க்கா இதெல்லாம்?"

எப்போது, எங்கே, யார் சொன்னது என்று அவர் நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்பதற்குக் கட்டமே கிடையாது. குழாயிடமும் ஒயரிடமும் அதைக் கேட்கத் தேவைப்பட்டதில்லை.

"வீடு போகக் கூடாதுன்னுதான். வேறென்ன?" விசாலாட்சியின் குரல் தாழ்ந்தது. "தம்பி, நீங்க சில வீட்டுக்குத் தெரியலைன்னு எழுதியிருக்கீங்களாம். பக்கத்து வீட்டுச் சொர்ணம்மா சொன்னா. என் வீட்டையும் அதுல சேத்துருங்களேன். உங்களுக்கு ஒரு வார்த்தைதானே."

முத்துகிருஷ்ணனுக்கும் ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த ஒன்பது வீடுகளுக்கும் உண்மையாகவே தெரியாமல்தான் எழுதினார். தெரிந்த ஒன்றை அதில் சேர்த்தால் ஒன்பதும் கெட்டுப்போகும். உள்ளதைச் சொன்னாலோ இன்று மாலையே இந்த வீடு கைமாறும், இந்த அம்மாளுக்கு ஊர் முழுக்கக் கேவலம். தன்னை நம்பி ஊர் கொடுத்த மரியாதை இப்படி ஒருவர் கழுத்தில் கயிறாக விழும் என்று அவர் நினைத்ததே இல்லை. அந்த நிமிடம் தன் மீதே அவருக்கு வெறுப்பாக இருந்தது.

"பொய் எழுதமாட்டேன்க்கா. உங்களைக் காட்டிக்குடுக்கவும் மாட்டேன். அண்ணன் கேட்டா வாயை மூடிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவேன். சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்."

வாசலில் ஆட்டோ நின்றது.

சொக்கலிங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டே உற்சாகமாக உள்ளே வந்தார். பின்னால் பிரவீன்குமாரும் அவர் மனைவியும். "இவர்தான் நம்ம பூத்வாலா. காலையிலேர்ந்து உக்காந்து பாத்திருக்கார். சொல்லு தம்பி, எலியா, தகரமா?"

முத்துகிருஷ்ணன் நோட்டை மூடினார். எழுந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் போதாதென்று மேலே சாக்கை விட்டு வெளியே வந்த ஏழாவது தன் பங்குக்கு நடக்க ஆரம்பித்தது. டக். சர்ர். பிரவீன்குமாரின் மனைவி கணவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ரஹ்னே தோ அங்கிள், இருக்கட்டும், அப்புறமா வர்றோம்" என்று பிரவீன்குமார் வாசலைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க." விசாலாட்சி அடுக்களையிலிருந்து சட்டியோடு வந்து நின்றார். "அது நண்டு. நான்தான் விட்டேன்."

சொக்கலிங்கம் சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். சட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போனில் பேசுவதாகச் சொல்லி, வந்த ஆட்டோவிலேயே நழுவினார்கள்.

"புத்தி கெட்டுப்போச்சா விசாலம் உனக்கு? முப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்துனவ, விக்க வேணாம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மேல நடக்குறது யாருன்னு விசாரிக்க கராச்சர்மாவுலேர்ந்து ஆளக் கூட்டியாந்தீங்க. கீழ நடக்குறவள எப்ப விசாரிச்சீங்க?"

முத்துகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. காலையில் அவரும் இந்த அம்மாளிடம் மச்சைப் பற்றித்தான் முக்கால் மணி நேரம் கேட்டிருந்தார். ஹெல்மெட்டைத் தேடினார், அது சொக்கலிங்கத்துக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருந்தது. போய் எடுக்கவும் கூச்சமாக இருந்தது, நிற்கவும் கூச்சமாக இருந்தது.

சொக்கலிங்கம் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஹெல்மெட் உருண்டு விழுந்தது, அவர் கவனிக்கவில்லை. பிறகு கோபம் இல்லாத குரலில் கேட்டார். "அங்க வந்தா உனக்கு என்ன குறை? அண்ணன் தம்பி இருக்காங்க, வீடு இருக்கு."

"எல்லாம் உங்களுக்கு இருக்கு. நான் பொறந்ததே இங்க. கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு நாலு வாட்டி உங்க ஊருக்கு வந்துட்டுப் போயிருக்கேன், அவ்வளவுதான். அங்க நான் செத்தா அழுக வர்றவங்க எல்லாரும் உங்க சொந்தம். முறைக்கு அழுதுட்டுப் போவாங்க. எனக்குன்னு ஒருத்தி வரமாட்டா."

சொக்கலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் அதே பயந்தான் விசாலம். அதுக்குத்தானே போகணுங்கிறேன். இங்க நான் போயிட்டா, எனக்கு அழ யாரு இருக்கா?"

விசாலாட்சி சட்டியைக் கீழே வைத்தார். "நான் இருக்கேன்ல" என்றார்.

சொக்கலிங்கம் அழுதுவிட்டார். அறுபத்து நான்கு வயது மனிதர், கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் அழுதார். முத்துகிருஷ்ணன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வண்டியைக் கிளப்பும் முன் உள்ளே போன் அடித்தது கேட்டது. பிரவீன்குமாராகத்தான் இருக்க வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொக்கலிங்கம் பேசினார்: "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார். நாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கல. இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கோம்."