தடிக்கு அந்தப் பக்கம்

இந்த ஊரில் மார்கழிக் குளிரிலும் கடைக்கதவுகளை அகலத் திறந்தே வைத்திருக்கிறார்கள். வாசலுக்கு மேலே ஒரு பெட்டி இருந்து சுடுகாற்றைக் கீழே ஊதிக்கொண்டிருக்கும். லண்டன் ஒக்ஸ்போர்ட் தெருவில் நடந்து போனால் கடைக்குக் கடை உச்சந்தலையில் வெயில் அடிக்கும். இரண்டடி தள்ளிப் போனால் மறுபடி விறைக்கும். வந்த புதிதில், தெருவுக்கே சூடு காட்டுகிறார்களே, இவர்களுக்கென்ன பைத்தியமா என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது, அந்தக் காற்றுத்தான் இவர்களுடைய கதவு. தாண்டினால் கடை, தாண்டாவிட்டால் தெரு. கல்முனைக்காரனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு ஒரு தடிதான் கதவாக இருந்தது.

கல்முனையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகிற பெரிய றோட்டு ஊருக்குள் வந்ததும் கடைத்தெருவாகிவிடும். வாப்பாவின் புடவைக்கடை அதில்தான் இருக்கிறது. அவர் மவுத்தான பிறகு என் அண்ணன், நாங்கள் காக்கா என்போம், அவர் நடத்துகிறார். பாங்கு சொன்னால் கடையைப் பூட்டுவதில்லை. துணி அளக்கிற தடியை வாசலில் இரண்டு முக்காலிகளுக்குக் குறுக்கே வைத்துவிட்டுத் தொழப் பள்ளிக்குப் போய்விடுவார்கள். அறுவடை முடிந்து கலியாணப் புடவை எடுக்கச் சொறிக்கல்முனையிலிருந்து வந்த குடும்பமானாலும், தடிக்கு வெளியே கச்சான் கடலை கொறித்துக்கொண்டு நிற்கும். உள்ளே பட்டு அடுக்கடுக்காக இருக்கும், ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள். பெருமைக்காகப் பொய் சொல்லக்கூடாது. யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் அந்தத் தடிக்கு மதிப்பிருக்கவில்லை. தமிழாக்களும் முஸ்லிம்களான நாங்களும் ஒருவருக்கொருவர் பயந்து இரட்டைப் பூட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடந்தோம். ஆனால் கடை திறந்த முதல் நாளே தடி மறுபடி குறுக்கே வந்தது.

நான் வேலை செய்கிற தெருவுக்கும் பழங்கதை உண்டு. ரோமர் காலத்து வழியாம். பிறகு தூக்குத்தண்டனைக் கைதிகளை வண்டியில் ஏற்றி, இதன் மேற்கு முனையில் நின்ற தூக்குமரத்துக்குக் கொண்டு போனார்களாம். பார்க்க ஊரே திரண்டு நிற்குமாம். தூக்குமரம் போனது, சுற்றியிருந்த வயல்வெளி போனது, மாடிமாடியாகக் கடைகள் வந்தன. கூட்டம் மட்டும் போகவேயில்லை. மழை மாலையில் சிவப்பு பஸ்கள் ஈர றோட்டில் தலைகீழாக ஊர்ந்து போகும். பைகளோடு போகிறவர்களைப் பார்த்தால் எல்லோரும் ஒரே நித்திரையில் நடப்பதுபோல இருக்கும். நானும் அதற்குள் நடப்பேன். ஒவ்வொரு குறுக்குத்தெருவிலும் என் கழுத்து தானாகத் திரும்பும். எங்கள் கடைத்தெருவில் கிழக்கே பார்த்தால் ஒழுங்கை முடிவில் கடல் வெளிச்சம் தெரியும். இங்கே இன்னொரு கடை தெரியும்.

பயணப்பெட்டி விற்கிற சின்னக் கடையில் எனக்கு வேலை. முதலாளி அன்ட்ரியாஸ் சைப்பிரஸ்காரர், நல்ல மனுசன். முதன்முதலாக என்னைத் தனியே விட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை நேரம் வந்தது. ஒன்றும் யோசிக்கவில்லை. வாசலில் இரண்டு பெட்டிகளை நிறுத்தி, கடை கூட்டுகிற தும்புத்தடியைக் குறுக்கே வைத்துவிட்டுத் தொழப் போய்விட்டேன். துஆ கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இது லண்டன் என்று நினைவு வந்தது. ஓடி வந்தால், வாசலில் ஒரு வெள்ளைக்கார மூதாட்டி குடையோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில்.

"நிலம் காய்ந்துவிட்டதா?" என்று கேட்டார் அந்த அம்மா. நான் கழுவித் துடைத்துக் காயப்போட்டிருக்கிறேன் என்று நினைத்து, உள்ளே போகப் பார்த்தவர்களையும் மறித்து வைத்திருக்கிறார்! "தொழப் போனேன்" என்றேன். "அப்படியென்றால் நன்றாகக் காய்ந்திருக்கும்" என்று சொல்லி உள்ளே வந்தார்.

பிறகு கேள்விப்பட்ட அன்ட்ரியாஸ் தலையில் கைவைத்துக்கொண்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் தும்புத்தடியையும் வைக்கிறேன், அதைத் தாண்டி வெளியே வந்து கண்ணாடிக் கதவையும் பூட்டுகிறேன். யார் எதைப் பேசினாலும் கடைசியில், "எனக்கும் ஊரில் கடை இருக்கிறது" என்று சொல்லிவிடுவேன். அன்ட்ரியாஸுக்கு அது மனப்பாடம். அந்த ஒரு வசனத்தில்தான் இந்தத் தெருவில் நான் நிமிர்ந்து நடக்கிறேன்.

போன மாதம் காக்கா ஊரிலிருந்து போன் எடுத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுத்தான் கதைப்பார், கை துணி மடிக்கவேண்டுமே. பக்கத்துக் கடைக்காரர் எங்கள் கடையையும் விலைக்குக் கேட்கிறாராம். நடுச்சுவரை உடைத்து மூன்று மாடி எழுப்பப் போகிறாராம். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் வருமாம்.

"எனக்கு முழங்கால் ஏலாது தம்பி. கடை ரெண்டு பேர்ட பேரிலயும் இரிக்கி. நீ வந்து பாக்கிறண்டா வெச்சிக்குவம். வராட்டி குடுத்திருவம். வாற வெள்ளிக்கிழமை முடிவச் சொல்லு."

அந்தக் கிழமை முழுக்கத் தெருவில் சும்மா நடந்தேன். மகளின் படிப்பு, மனைவியின் வேலை என்று காரணம் சொல்லலாம். உண்மை வேறு. அந்த மேசைக்குப் பின்னால் போய் நின்றால் என்னை லண்டன்காரன் என்றுதான் பார்ப்பார்கள். வந்தவனாக இங்கே இருப்பது பழகிவிட்டது. அங்கேயும் வந்தவனாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஜும்ஆ நெருங்கும் நேரம், அங்கே பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நெருங்கும். தும்புத்தடியை வைத்துவிட்டுக் காக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன தம்பி முடிவு?"

"குடுங்க காக்கா."

துணி மடிக்கிற சத்தம் நின்றது. "ம்... நல்லம்" என்றார். அதற்குள் பாங்கு கேட்டது. "நில்லு, தடியப் போட்டுட்டு தொழுதிட்டு வாறன்" என்று போய்விட்டார். போன் மேசையில் அப்படியே கிடந்தது. முக்காலிகளில் தடி தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு மின்விசிறியும், தூரத்தில் ஒரு பஸ் ஹோர்னும். எனக்கு அழைப்பை வெட்ட மனம் வரவில்லை. காதில் வைத்தபடியே வாசலுக்கு நடந்தேன்.

"கடை ஆக்கள்! கடை இரிக்கா?"

யாரோ ஒரு பெண், தடிக்கு வெளியே நின்று கேட்கிறார்.

"இரிக்கி ராத்தா" என்றேன். "தொழப் பெய்த்திருக்காங்க. கொஞ்சம் நில்லுங்க, வந்திருவாங்க."

"ஓம் தம்பி, நிக்கன்." கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி கேட்டார். "கொரல் மட்டும் கேக்குது, ஆளக் காணல்லியே. நீங்க எங்க நிக்கிற?"

என் ஒரு கால் தும்புத்தடிக்கு அந்தப் பக்கம், மற்றக் கால் இந்தப் பக்கம். உச்சந்தலையில் சுடுகாற்று ஊதிக்கொண்டிருந்தது. "வாசல்லதான் நிக்கன் ராத்தா" என்றேன்.