மலையிலேயே தங்கிவிட்ட அண்டா

எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கிருக்கும் பாத்திரத்தை விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்காருவார் ராஜேஸ்வரி. தலையைச் சாய்த்து, ஓசை அடங்கும்வரை கேட்பார். நீண்டு ஒலித்தால் நல்ல பாத்திரம். சட்டென்று செத்துப்போனால் எங்கோ விரிசல். நாத்தனார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், தண்ணீர் கொடுத்த சொம்பையே தட்டிவிட்டார்.

"இன்னாம்மே, மாப்ள பாக்க வந்தியா, சொம்பு வாங்க வந்தியா?" என்று கணவர் தனசேகரன் காதருகே பல்லைக் கடித்தார்.

"சொம்பு நல்லா கீது. மாப்ளயத்தான் தட்டிப் பாக்க முடியல."

மலையடிவாரத்து ஒடுகத்தூரில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கடை அவர்களுடையது. மாமனார் கண்ணாயிரம் நான்கு அண்டாக்களோடு தொடங்கியது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டு மருமகளாக வந்த ராஜேஸ்வரிக்கு அங்கே கிடைத்த முதல் வேலை, புளி போட்டுத் தேய்ப்பது. இருபது வருஷம் தேய்த்ததில் ஒவ்வொரு பாத்திரத்தின் நெளிசலும் அவருக்கு மனப்பாடம். பேசும்போது கையில் கரண்டி இல்லாவிட்டாலும் கிண்டுகிற மாதிரியே கை சுழலும்.

கீழே ஊருக்கு ஊர் மண்டபம் வந்தது. சமையல்காரர்கள் சொந்தப் பாத்திரத்தோடு வரத் தொடங்கினார்கள். மலைக் கல்யாணங்கள் மட்டும் இன்னும் வீட்டு வாசலில் நடந்தன. ஆனால் ஏற்றி இறக்கும் வேன் வாடகையே பாத்திர வாடகையைத் தின்றது. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்று கண்ணாயிரம் முடிவெடுத்தபோது, ராஜேஸ்வரி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வைகாசியில்தான் ஒன்றைக் கவனித்தார். மலைமேல் புளியங்கொல்லையில் ஒரு கல்யாணம் முடிந்து பாத்திரங்கள் இறங்கின. ஐந்தாம் நாள் அதே தெருவில் இன்னொரு கல்யாணத்துக்கு அதே பாத்திரங்கள் ஏறின.

"இன்னாத்துக்கு மாமா எறக்கி எறக்கி ஏத்தறோம்? அங்கியே கெடக்கட்டும்."

கல்லூரியில் இதற்குப் பெரிய பெரிய பெயர்கள் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். ராஜேஸ்வரிக்கு 'அங்கியே கெடக்கட்டும்' போதுமாக இருந்தது.

கண்ணாயிரம் துள்ளினார். "கடப் பொருளு கடையிலதான் இருக்கணும். அங்க வுட்டுட்டு வந்தா அது யாரோடது?"

"யாரோடதா இருந்தா இன்னா? அடுப்பு மேல இருந்தா சரி."

ஒரு வருஷம் தவணை கொடுத்தார் மாமனார். ஒரு பாத்திரம் குறைந்தாலும் மொத்தமும் எடைக்கு. ராஜேஸ்வரி மலைக்காரர்களோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தார். கடைசியாகக் கல்யாணம் நடந்த வீட்டிலேயே பாத்திரங்கள் இருக்கும். அடுத்த கல்யாண வீட்டார் அங்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். பாத்திரங்களுக்கும் வாடகை வசூலுக்கும் பொறுப்பு புளியங்கொல்லை வெள்ளையம்மாளுடையது. அதற்குப் பதிலாக அவர் வீட்டு விசேஷங்களுக்கு வாடகை கிடையாது.

வருஷம் முடிந்ததும் மாமனாரும் மருமகளும் ஜீப்பில் ஏறிப் போனார்கள். எல்லாம் இருந்தன, பெரிய அண்டாவை மட்டும் காணவில்லை.

"நான் அப்பவே சொல்லல?" என்று மருமகளைப் பார்த்த கண்ணாயிரம், வெள்ளையம்மாளிடம் திரும்பினார். "இந்தாம்மா, எங்க என் அண்டா?"

வெள்ளையம்மாள் சாமை புடைப்பதை நிறுத்தவில்லை. "எங்க ஓடிடப் போவுது? அதுக்கு இன்னா காலா கீது? பக்கத்து ஊர்ல கல்யாணம். கேட்டாங்க, குடுத்தேன். நடங்க, காட்டறேன்."

ஒரு மைல் நடந்தார்கள். கல்யாண வீட்டு வாசலில், மூன்று கல் அடுப்பின்மேல் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணாயிரம் சுற்றிவந்து பார்த்தார். கடையில் இருந்தபோதே ஒரு பக்கம் கைப்பிடி வளையம் அறுந்துபோய், வருஷக்கணக்காக அப்படியே கிடந்த அண்டா அது. இப்போது இரண்டு பக்கமும் வளையம் இருந்தது. புதியது கெட்டியான இரும்பு.

"இத யாரு போட்டது?"

"நாங்கதான். ஒத்த வளையத்த வெச்சிக்கினு மேட்டுல எப்பிடித் தூக்கறது? ஊர்ல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கொல்லன்கிட்ட குடுத்து அடிச்சோம். எங்க அண்டா ஆச்சே" என்றார் வெள்ளையம்மாள்.

ஜீப் அடிவாரம் வந்ததும், "அடுத்த ஊரு எதும்மா?" என்று மருமகளைக் கேட்டார் கண்ணாயிரம்.

இன்று மலையில் மூன்று ஊர்களில் கடையின் பாத்திரங்கள் தங்கியிருக்கின்றன. எந்த முகூர்த்தத்துக்கு எது எங்கே இருக்கிறது என்பது ராஜேஸ்வரியின் செல்போனில் இருக்கிறது. கடையில் பாதி இடம் காலி. போன மாதம் அந்த நாத்தனார் மகள், கண்ணாயிரத்தின் பேத்தி அருணாவுக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே சமையல், இருநூறு பேர். பெரிய அண்டா வேண்டும், அதுவோ மலையில். ராஜேஸ்வரி வெள்ளையம்மாளின் எண்ணைப் போட்டுப் போனை மாமனாரிடமே நீட்டிவிட்டு, கரண்டிகளைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

"நான்தாங்க, கண்ணாயிரம் பேசறேன். உங்க பெரிய அண்டா ரெண்டு நாளைக்குக் கெடைக்குமாங்க?"

பதிலுக்குக் காத்திருந்த நேரத்தில் அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார்.